ஃப்ரிட்ஜ் இல்லாம டெஸ்ட் கிட் தாங்கணுமா, இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

பிசிஆர் மாஸ்டர் மிக்ஸ (கிருமியோட டிஎன்ஏவ பெருக்கிக் கண்டுபிடிக்கிற டெஸ்டுக்கான ரெடிமேட் கலவை) ஃப்ரீஸ் ட்ரையர்ல (உறைய வெச்சு வெற்றிடத்துல காய வைக்கிற மெஷின்) போட்டு எடுத்துட்டா ரூம் டெம்பரேச்சர்ல வருஷக்கணக்கா இருக்கும்னு நிறைய பேர் நெனைக்கிறாங்க. நான் பாத்த வரைக்கும் முக்காவாசி பேட்ச் கெட்டுப்போறது மெஷினுக்குள்ள இல்ல, உள்ள போறதுக்கு முன்னாடியும் வெளிய வந்ததுக்கு அப்புறமும் தான்.

முதல் தப்பு க்ளிசரால். கடைல வாங்குற டாக் பாலிமரேஸ், அதாவது டிஎன்ஏவ நகலெடுக்குற என்சைம், பெரும்பாலும் பாதிக்குப் பாதி க்ளிசரால்ல தான் வரும், -20 டிகிரில கட்டியாகாம இருக்கறதுக்காக. அத அப்படியே மிக்ஸ்ல ஊத்தி காய வெச்சா தண்ணி போயிடும், க்ளிசரால் போகாது, கேக் (காஞ்சு மிஞ்சுற கட்டி) மொறுமொறுன்னு வராம பிசுபிசுன்னு சுருங்கி அடில ஒட்டிக்கும், அந்த மாதிரி ஒண்ணு அன்னிக்கே டெஸ்ட் பண்ணா வேலை செய்யும், அதனால தான் ஏமாந்துடுறோம், வெயில்ல ரெண்டு வாரம் போனா தெரியும். ஆர்டர் போடும்போதே க்ளிசரால் இல்லாத என்சைம்னு கேட்டு வாங்குங்க. விலை கூட தான், ஆனா இதுல மிச்சம் பிடிக்காதீங்க.

அடுத்தது சர்க்கரை. காயும்போது தண்ணி விட்டுட்டுப் போற எடத்துல சர்க்கரை போய் உக்காந்து புரதத்தோட வடிவத்தக் காப்பாத்துது, அதுக்காக எந்தச் சர்க்கரையும் ஆகாது. குளுக்கோஸ், லாக்டோஸ் போட்டா அது புரதத்தோடயே சேந்துக்கும், தோசை செவக்குற அதே ரியாக்ஷன் தான், சூடு ஏற ஏற வேகமா நடக்கும். ட்ரெஹலோஸ்ங்கற சர்க்கரை தான் நல்லது. அதுவும் காய வைக்கிற முதல் கட்டத்துல, ஐஸ் ஆவியாகும்போது, மிக்ஸோட சூடு சுமார் -30 டிகிரிய தாண்டாம பாத்துக்கணும், சீக்கிரம் முடியட்டும்னு மெஷினோட ஷெல்ஃப் (ட்யூப் வெக்கிற தட்டு) சூட்ட ஏத்துனா கேக் இடிஞ்சு விழுந்துடும்.

பஃபரையும் (பிஹெச்ச, அதாவது அமிலத்தன்மையோட அளவ, மாறாம வெச்சுக்குற கரைசல்) பாருங்க, சோடியம் பாஸ்பேட் உறையும்போது ஒரு உப்பு மட்டும் முன்னாடியே படிகமாயிடும், பிஹெச் 7-ல இருந்து 4 கிட்ட கூட இறங்கிடும்.

இப்ப பெரிய தப்பு, ஈரம். நல்லா காஞ்ச ட்ரெஹலோஸ் கண்ணாடி மாதிரி, 100 டிகிரிக்கு மேல தான் இளகும், கொஞ்சம் ஈரம் ஏறினா அந்த அளவு மளமளன்னு எறங்கிடும், அப்புறம் நம்மூரு மே மாச வெயிலே போதும். ஒரு தடவ மழை நாள்ல ட்யூபெல்லாம் வெளிய எடுத்து தட்டுல வெச்சுட்டு சீல் பண்ண ஒரு மணி நேரம் ஆக்கிட்டோம், அந்த பேட்ச்ல ஒண்ணு கூட தேறல, மாசக்கணக்கான உழைப்பு, மனசு ரொம்ப கஷ்டமாப் போச்சு. மெஷினுக்குள்ளயே மூட முடிஞ்சா மூடுங்க, முடியலன்னா ஈரப்பதம் கொறச்ச ரூம்ல வெச்சு பேக் பண்ணுங்க, அலுமினிய ஃபாயில் பவுச், உள்ள டெசிகன்ட் (ஈரத்த உறிஞ்சுற பொருள்), வெறும் பிளாஸ்டிக் பவுச் வேண்டவே வேண்டாம், ஈரம் அதுக்குள்ள மெதுவா போய்ட்டே இருக்கும். கிராமத்து சுகாதார நிலையத்துல ஒருத்தர் ஒரு பவுச்ச பிரிச்சு பாதி ட்யூப எடுத்துட்டு மீதிய மடிச்சு வெப்பாங்கன்னு நெனச்சு தான் பேக்கிங் யோசிக்கணும், ஒரு பவுச்சுக்கு ஒரு டெஸ்ட்னா அந்தப் பிரச்சனையே இல்ல.

கடைசியா, ஸ்டெபிலிட்டி டெஸ்ட். 45 டிகிரில ஒரு மாசம் தாங்குச்சுன்னு லேபிள்ல ரெண்டு வருஷம்னு அடிச்சுடாதீங்க, அது ஒரு கணிப்பு தான், அதே பேட்ச நெஜமான சூட்டுல நெஜமாவே அத்தன நாள் வெச்சுப் பாக்கணும். பாக்கும்போது கிருமி ஏராளமா இருக்கற சாம்பிள மட்டும் போடாதீங்க, என்சைம் பாதி செத்திருந்தாலும் அது பாசிட்டிவ் காட்டிடும். மொதல்ல தவறிப்போறது சளில கிருமி கொறச்சலா இருக்கற டிபி நோயாளியோட சாம்பிள் தான், நெகட்டிவ்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. கிட் கண்டுபிடிக்கக்கூடிய அந்த கடைசி எல்லைல இருக்கற சாம்பிள ஒவ்வொரு மாசமும் போட்டுப் பாருங்க.