கழுத்தில் நெறி கட்டினால் பார்க்க வேண்டியவை

காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும் என்பதை வீட்டுப் பெரியவர்கள் அறிவார்கள். அதே வீக்கம் காரணம் தெரியாமல் கழுத்தில் தட்டுப்பட்டால், மனம் நேராகப் புற்றுநோய்க்குத் தாவிவிடுகிறது. அந்த அச்சம் இயல்பானது. ஆனால் நெறி என்பது கிருமிகளை வடிகட்டும் நிணநீர்க் கணுவின் வீக்கம்தான், பெரும்பாலும் தொற்றே அதற்குக் காரணம்.

எனவே முதலில் அதன் சுற்றுப்புறத்தைப் பாருங்கள். தாடைக்கு அடியில் என்றால் சொத்தைப் பல், ஈறு, தொண்டை. பின்கழுத்தில் என்றால் தலையில் பேன், புண். தொட்டால் வலிப்பதும், விரலுக்கு அடியில் நகர்வதும் பெரும்பாலும் தொற்றையே காட்டுகின்றன. வலி இருப்பதால் ஆபத்து என்று பலர் எண்ணுகிறார்கள். வலியே இல்லாமல் வளரும் கணுவைத்தான் நான் கூடுதலாகக் கவனிக்கச் சொல்வேன்.

அளவையும் தேதியையும் குறித்து வைத்துவிட்டு, வாரம் ஒருமுறை மட்டும் தொட்டுப் பாருங்கள். நாள் முழுவதும் அழுத்திக்கொண்டே இருந்தால் அந்த இடம் வலிக்கத் தொடங்கும், அந்த வலி புதிய பயத்தைக் கொண்டுவரும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் சுருங்காவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

காத்திருக்கவே கூடாத நிலைகளும் உண்டு. கழுத்தின் அடியில் குறுக்காக ஓடும் காறை எலும்புக்கு மேலே உள்ள பள்ளத்தில் தோன்றும் கணு, கல்போல் இறுகி நகராத கணு, விரைவாகப் பெருகும் கணு, உடை நனையும் இரவு வியர்வை, காரணமில்லாத காய்ச்சல், ஆறு மாதத்தில் உடல் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் குறைதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே செல்லுங்கள்.

ஆயினும் இந்த அறிகுறிகள்கூடப் புற்றுநோயை மட்டுமே குறிப்பவை அல்ல. நம் நாட்டில் வாரக்கணக்கில் நீடிக்கும் கழுத்து நெறிக்குக் காசநோய் ஒரு முக்கியக் காரணம். பழைய மருத்துவம் கண்டமாலை என்று அழைத்தது பெரும்பாலும் இதைத்தான். அதற்கான மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம்; வழக்கமாக ஆறு மாதம் தொடர்ந்து உட்கொண்டால் குணமாகும்.

கணுவில் மெல்லிய ஊசி செலுத்திச் செல்களை எடுத்துப் பார்ப்பது பெரும்பாலும் முதல் படி. நிணநீர்ப் புற்றுநோய் என்ற ஐயம் இருந்தால் ஊசிப் பரிசோதனை போதாது. கணுவையே எடுத்துப் பயாப்சி (திசுப் பரிசோதனை) செய்ய வேண்டியிருக்கும். ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்று அஞ்சி இதைத் தள்ளிப்போடாதீர்கள். நோய் இன்னதென்று தெரியும்முன் ஸ்டீராய்டு மாத்திரைகளை நீங்களாக வாங்கி விழுங்கவும் வேண்டாம். அவை வீக்கத்தைத் தற்காலிகமாகக் குறைத்து, பயாப்சியின் முடிவையே குழப்பிவிடக்கூடும்.