வெண்தலைக் கழுகைப் படம் பிடிக்க முதல்முறை போகிறீர்களா?

வட அமெரிக்காவில் வாழும் வெண்தலைக் கழுகைத் தேடிக் காடெல்லாம் அலைய வேண்டாம். அதற்கு மீன்தான் முக்கியமான இரை, அதனால் குளிர்காலத்தில் உறையாத தண்ணீர் எங்கே இருக்கிறதோ அங்கே அதுவே வந்து சேரும். ஜனவரி, பிப்ரவரியில் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில் பனிக்கட்டி மூடினாலும் அணைகளுக்குக் கீழே தண்ணீர் கொந்தளித்து ஓடுவதால் அங்கே உறையாது, அணையைத் தாண்டும்போது அடிபட்டு மயங்கிய மீன்களும் மிதந்து வரும். அயோவா மாநிலத்தில் லெக்ளேர் ஊருக்குப் பக்கத்திலுள்ள 14-ஆம் எண் அணையில் கேமராவோடு ஆட்கள் கூடுவது இதனால்தான். அலாஸ்காவின் சில்கட் ஆற்றில் இலையுதிர்காலக் கடைசியில் இன்னும் பெரிய கூட்டம் உண்டு, ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் அணைப் பக்கமே போங்கள்.

விடியும்போதே அங்கே இருங்கள். முதலில் கரையோர உயர மரங்களை பைனாகுலரில் பாருங்கள். தலை வெளுக்க சுமார் 5 வருடமாகும், அதனால் உடம்பெல்லாம் பழுப்பாக இருக்கும் குஞ்சுப் பருவத்துக் கழுகுகளை வேறு பறவை என்று விட்டுவிடாதீர்கள்.

அடுத்து, காரைவிட்டு இறங்காதீர்கள். காரைக் கண்டு பெரிதாக மிரளாத பறவை நடந்து வரும் மனிதனைக் கண்டால் எழும்பிவிடும், கடுங்குளிரில் ஒவ்வொரு வீண் பறத்தலும் அதன் உடம்புச் சக்தியைத் தின்கிறது. கண்ணாடியை இறக்குங்கள், ஹீட்டரை அணையுங்கள், இல்லையென்றால் சூடான காற்று அலையடித்துப் படம் தெளிவில்லாமல் போகும். கூடு கண்ணில் பட்டால் குறைந்தது 330 அடி தள்ளியே இருங்கள். இந்தக் கழுகைத் தொந்தரவு செய்வது அமெரிக்காவில் சட்டப்படி குற்றம்.

சரி, கேமரா. 400 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட லென்ஸ், ஷட்டர் வேகம் 1/2000 நொடி, ஆட்டோ ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறனைக் கேமராவே கூட்டிக் குறைத்துக்கொள்ளும்), தொடர் ஃபோகஸ் (நகரும் பறவையை விடாமல் பின்தொடரும்). பலர் கோட்டைவிடுவது எக்ஸ்போஷரில், அதாவது படத்தில் எவ்வளவு வெளிச்சம் பதிகிறது என்பதில்தான்: உடம்பு கரும்பழுப்பு, தலை பளீர் வெள்ளை, பின்னால் இருட்டான மரங்கள் இருந்தால் கேமரா வெளிச்சத்தைக் கூட்டித் தலையை வெறும் வெள்ளைத் திட்டாக்கிவிடும். அப்போது எக்ஸ்போஷரை அரை முதல் ஒரு ஸ்டாப் வரை குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). பின்னால் வெளிறிய வானம் என்றால் நேர்மாறு, கூட்ட வேண்டும். ஒரு படம் எடுத்ததும் தலையில் இறகு வரி தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள்.

அப்புறம் காத்திருப்பு. வெயிலும் காற்றும் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும் இடம் நல்லது, ஏனென்றால் கழுகு பெரும்பாலும் காற்றை எதிர்த்துத்தான் கிளம்பும், அதாவது உங்களை நோக்கி. எச்சம் போட்டுவிட்டு முன்னால் சாய்ந்தால் கிளம்பப்போகிறது என்று எண்ணி ஷட்டரில் விரலை வையுங்கள். விரித்த இறக்கை 7 அடிகூட இருக்கும், அதனால் சுற்றிலும் தாராளமாக இடம் விட்டு, ஃபோகஸைத் தலையில் வைத்து, கால் தண்ணீரைத் தொடும் முன்பே அழுத்தத் தொடங்குங்கள், மீனோடு மேலே ஏறும்வரை விடாதீர்கள்.