இச்சிஜோதானிக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஜப்பானில் கோட்டை பார்க்கக் கிளம்புகிறவர்கள் மனதில் பெரும்பாலும் ஒரே படம்தான் இருக்கும். வெள்ளைச் சுவர், அடுக்கடுக்காகக் கூரை, உச்சியில் நின்று ஊரைப் பார்க்கலாம். எரிந்து அழிந்த ஒரு பழைய ஊரின் இடிபாடுகள்தான் இச்சிஜோதானி, அங்கே அதில் ஒன்றுகூடக் கிடையாது. ஃபுகுயி நகரத்துக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 10 கிலோமீட்டரில் ஒடுங்கிய பள்ளத்தாக்கு ஒன்று இருக்கிறது. நடுவே ஒரு சிற்றாறு ஓடுகிறது, இரு கரையிலும் புல்லுக்குள் வரிசை வரிசையாகக் கற்கள் கிடக்கின்றன. கோட்டையைத் தேடி வந்தவர்கள் அரை மணி நேரத்தில் "இங்கே என்ன இருக்கிறது?" என்று கிளம்பிவிடுகிறார்கள். அந்தக் கற்கள்தான் ஊர். அது தெரியாமல் திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே மனசு கஷ்டப்படும்.

எனவே முதல் தவறு, தலையை நிமிர்த்திக் கோபுரத்தைத் தேடுவது. இன்றைய ஃபுகுயிப் பகுதியின் பழைய பெயரான எச்சிசென் நாட்டை அசாகுரா குடும்பம் இங்கிருந்துதான் ஐந்து தலைமுறை, 103 ஆண்டுகள் ஆண்டது. ஏறக்குறைய 10,000 பேர் வாழ்ந்த ஊர் என்று கணக்கிடுகிறார்கள். 1573-இல் போர்த்தலைவர் ஓடா நோபுனாகாவின் படை ஊருக்குத் தீ வைத்தது. மூன்று நாள் எரிந்ததாகச் சொல்வார்கள். ஐந்தாம் தலைவர் யொஷிகாகே தப்பி ஓனோ பக்கம் போய், அங்கே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இன்று நாம் 'ஜப்பானியக் கோட்டை' என்று நினைக்கும் உயர்ந்த கோபுரங்கள் பரவியதே அதற்குப் பிறகுதான். நோபுனாகாவே தன் அசுச்சி கோட்டையைக் கட்டத் தொடங்கியது 1576-இல். கோபுரம் பார்த்தே ஆகவேண்டும் என்றால் இதே மாவட்டத்தில் மருஓகா கோட்டை இருக்கிறது, அதற்கு வேறொரு நாளை ஒதுக்குங்கள்.

எரிந்த பிறகு அதிகார மையம் இன்றைய ஃபுகுயி நகரம் இருக்கும் இடத்துக்கு மாறிவிட்டது. பள்ளத்தாக்கு வயலாகி, ஊர் அப்படியே நெல்லுக்கு அடியில் கிடந்தது. பின்னால் வந்தவர்கள் மேலே இன்னொரு நகரத்தைக் கட்டவில்லை என்பதால்தான் தெரு, கிணறு, கழிப்பறைக் குழி வரை அப்படியே கிடைத்திருக்கின்றன. அகழாய்வு 1967-இல் தொடங்கியது. 1971-இல் 278 ஹெக்டேர் நிலம் மொத்தத்தையும் சிறப்பு வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். ஒரு கட்டிடத்தையோ ஒரு மதிலையோ மட்டும் காக்காமல், மலையோடு சேர்த்து ஒரு பள்ளத்தாக்கையே காத்திருக்கிறார்கள்.

அடுத்த தவறு கராமோன் வாசலில் நடக்கிறது. வளைந்த கூரையும் முன்னால் அகழியுமாக அழகாக நிற்கும் வாசல் அது. சுற்றுலாப் படங்களில் எல்லாம் அதுதான் வரும், பலரும் அதை அசாகுராக்களின் அரண்மனை வாசல் என்றே நினைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அது அவர்கள் காலத்தது இல்லை. யொஷிகாகேயின் நினைவாகப் பின்னாளில் அங்கே எழுந்த கோயிலுடைய வாசல் அது. அசாகுராக்களின் வீடு வாசலுக்கு அந்தப் பக்கம், தரையோடு தரையாகக் கிடக்கிறது. மூன்று பக்கம் மண்மேடும் அகழியும், பின்னால் மலை. உள்ளே ஒரு பூந்தோட்டப் பாத்தியின் தடம்கூடக் கிடைத்திருக்கிறது. வாசலைப் படம் எடுத்த கையோடு திரும்பாமல் உள்ளே போய், அடிக்கற்களை வைத்து எது அறை, எது நடை என்று கொஞ்சம் ஊகித்துப் பாருங்கள்.

அப்புறம் மேலே ஏறுங்கள். பலரும் தவறவிடுவது இதைத்தான். வீட்டுக்குப் பின்னால் சரிவில் யுதோனோ தோட்டம், கொஞ்சம் தள்ளி சுவா மாளிகைத் தோட்டம். கட்டிடங்கள் எரிந்தாலும் தோட்டக் கற்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. சுவா தோட்டத்தில் நிற்கும் ஒரு கல் 4 மீட்டருக்கும் மேல் உயரம். யுதோனோவில் கற்கள் இன்னும் முரட்டுத்தனமாக, கூர்மையாக நிற்கும். எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். மேலிருந்து பார்த்தால் கீழே உள்ள வீட்டின் வரைபடம் முழுதாகப் புரியும். பாசி படர்ந்த கற்களில் மட்டும் கால் வைக்காதீர்கள்.

ஆண்டவர்களின் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புவதையும் தவறு என்றுதான் சொல்வேன். ஆற்றைக் கடந்தால் சாதாரண மக்களின் தெருக்கள். அங்கே 200 மீட்டர் நீளத்துக்கு ஒரு தெருவை, அகழாய்வில் கிடைத்த அடிக்கற்களின் மேலேயே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். ஒரு பக்கம் மண்சுவர் வைத்த சாமுராய் வீடுகள், மறுபக்கம் குறுகிய முகப்புள்ள தொழிலாளர் வீடுகள். அதைப் பார்த்துவிட்டு வெளியே வெறும் கற்களாகக் கிடக்கும் மனைகளுக்கு வந்தால், சுவரும் கூரையும் உங்கள் கண்ணுக்குத் தானாகவே தெரியத் தொடங்கும். ஒரு மனையில் கருகிப்போன மருத்துவ நூலின் துண்டுகள் கிடைத்தன. அது வைத்தியர் வீடு என்று அப்படித்தான் தெரிந்தது. இன்னொன்றில் பெரிய மண்சாடிகளை வரிசையாகப் புதைத்த குழிகள் இருந்ததால், சாயம் போடுகிறவர் வீடாக இருக்கலாம் என்கிறார்கள். தெரு நேராகப் போகாமல் திடீரென்று மடங்குகிறதா, அந்த இடத்தில் நின்று கவனியுங்கள். வரும் எதிரிக்கு ஊரின் உள்பக்கம் கண்ணில் படக்கூடாது என்பதற்காக மடக்கியது அது. வடக்கு நுழைவான ஷிமோகிடோவிலும் இதே புத்திதான். பள்ளத்தாக்கு மிகவும் ஒடுங்கும் இடத்தில் மண்மேடு போட்டு, பல டன் எடையுள்ள பாறைகளை வைத்து, வழியை வளைத்துவிட்டிருக்கிறார்கள்.

இவ்வளவும் கண்ணில் பட வேண்டுமென்றால் அருங்காட்சியகத்தை முதலில் பாருங்கள். கடைசியில் நேரம் இருந்தால் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிறவர்களுக்கு அந்த நேரம் கிடைப்பதே இல்லை. 2022-இல் திறந்த புதிய கட்டிடம் அது, இச்சிஜோதானி ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கட்டுமானத்துக்கு முன் தோண்டியபோது கிடைத்த கல்தளத்தைக் கட்டிடத்துக்குள்ளேயே திறந்து வைத்திருக்கிறார்கள். அசாகுரா வீட்டின் ஒரு பகுதியையும் முழு அளவில் கட்டிக் காட்டுகிறார்கள். இந்த ஊரில் ஷோகி என்னும் ஜப்பானியச் சதுரங்கக் காய்களும் ஏராளமாகக் கிடைத்தன. அவற்றில் 'போதை யானை' என்று பொருள்படும் காய் ஒன்று உண்டு, இன்றைய ஷோகியில் அந்தக் காயே கிடையாது. திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை, நாள் பார்த்துக் கிளம்புங்கள்.

போக்குவரத்தில் ஏமாறுகிறவர்களும் நிறைய. 2024 மார்ச்சிலிருந்து ஷிங்கன்சென் அதிவேக ரயில் ஃபுகுயி வரை வருவதால் அங்கே வருவது சுலபம். அதற்குப் பிறகு பிடிக்க வேண்டியது கிராமத்து ரயில். ஒரு நாளைக்குச் சில வண்டிகள்தான், ஒன்றை விட்டால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். திரும்பும் வண்டியின் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, அதற்கேற்ப நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஃபுகுயி நிலையத்திலிருந்து பேருந்தும் உண்டு. நிலையத்தில் இறங்கினால் இடிபாடுகள் எதிரிலேயே இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம், அசாகுரா வீடு வரை இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நடக்க வேண்டும். சாப்பாட்டுக் கடைகள் குறைவு, கையில் ஏதாவது வைத்துக்கொள்வது நல்லது.

சரி, மலைக்கோட்டை? கிழக்கே 470 மீட்டரை ஒட்டிய உயரத்தில் போர்க்காலக் கோட்டையின் தடங்கள் இருக்கின்றன. மலைச்சரிவில் செங்குத்தாக வெட்டிய அகழிகள் மட்டும் நூற்றுக்கும் மேல். கீழே சுற்றிப் பார்த்த செருப்போடு, மாலை மூன்று மணிக்கு, "ஒரு எட்டு போய்விட்டு வந்துவிடலாம்" என்று ஏறாதீர்கள். ஏறவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், கரடி நடமாடும் காடு வேறு. மணி கட்டிக்கொண்டு, காலையிலேயே, துணையோடு ஏறுங்கள். குளிர்காலத்தில் பனி அடர்ந்து கற்களே தெரியாது, முதல் முறை போகிறவர்கள் அந்த மாதங்களைத் தவிர்த்துவிடலாம்.

மழைக்காக மட்டும் பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள். "சோற்று மூட்டையை மறந்தாலும் குடையை மறக்காதே" என்பது இந்தப் பக்கத்து மக்களின் பழமொழி. ஊர் முழுக்க நிறையப் பயன்பட்டிருப்பது ஃபுகுயியின் ஆசுவா மலையில் வெட்டிய ஷாகுதானி கல். வெயிலில் சாம்பல் பூத்ததுபோல மங்கலாக இருக்கும். நனைந்தால் நீலம் ஏறிவிடும்.