உள்பக்கக் கிளிப்: வெளியே தெரியாததால் வரும் தவறுகள்

மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்தில் பல்லைச் சீராக்கும் நினைப்பு பலருக்கும் கல்யாணப் பேச்சு தொடங்கும்போதுதான் வருகிறது. நாக்குப் பக்கம் ஒட்டும் கிளிப் அவர்களுக்குத் தோதானது, சிரித்தாலும் தெரியாது. ஆனால் கண்ணில் படாததால் கவனத்திலிருந்தும் போய்விடுகிறது.

கீழ் முன்பற்களின் உட்புறம்தான் முதலில் கெடும். நாக்கின் அடியில் உமிழ்நீர் சுரப்பியின் வாய் அங்கேயே திறப்பதால் காரை வேகமாகப் படியும். பல்லில் ஒட்டிக் கம்பியைப் பிடித்திருக்கும் சிறு துண்டான பிராக்கெட்டும் சேர்ந்தால் ஈறு வீங்கி ரத்தம் கசியும். பிரஷ்ஷைச் செங்குத்தாகப் பிடித்து, கம்பிக்கு அடியில் பல்லிடுக்கு பிரஷ்ஷை நுழைத்து, இரவில் கண்ணாடி பார்த்துத் தேய்க்க வேண்டும். வாய் கொப்பளித்தால் மட்டும் போதாது.

மேல்பல் கீழ்ப்பல்லை அதிகம் மூடியிருப்பவர்களுக்குக் கீழ்ப்பல் நேராக மேல் பிராக்கெட்டில் இடிக்கும். அதைத் தவிர்க்கவே கடைவாய்ப் பல்லில் சிறு சிமெண்ட் திட்டு வைப்பார்கள். மெல்ல வரவில்லை என்று அதைச் சுரண்டி எடுத்தால், கடியின் பாரம் முழுதும் பிராக்கெட்டில் விழுந்து பெயர்ந்துவிடும். பெயர்ந்தாலும் அது கம்பியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும், பல் மட்டும் நகராது. வாரம் ஒருமுறை விரல் நுனியால் தடவி, ஏதாவது ஆடுகிறதா என்று பாருங்கள். கழன்று கையில் வந்தால் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் பல்லின் உட்புறத்துக்கென்றே அளவெடுத்துச் செய்த அடித்தளமாக இருந்தால், வேறொன்று செய்து வர நாளாகும். கடையில் விற்கும் பசையால் ஒட்டவும் கூடாது.

ஏத்தங்காய் உப்பேரி, முறுக்கு, சக்கவரட்டி மூன்றையும் தள்ளிவையுங்கள். வேகவைத்த மரச்சீனிக்குத் தடையில்லை.

பேச்சு சில வாரம் குழறும். ழகரம் பெரும்பாலும் தப்பிவிடும், ஏனெனில் நாக்கு பின்னால் மடிகிறது. தகரமும் ஸகரமும்தான் மாட்டும். வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்ளாமல் தினம் பத்து நிமிடம் சத்தமாகப் படித்தால் சீக்கிரம் பழகும். நேர்காணலுக்கு முந்தின வாரம் மட்டும் ஒட்டிக்கொள்ளாதீர்கள். நாக்கில் கம்பி குத்தினால் அந்த இடத்தைப் பஞ்சால் துடைத்துவிட்டு, கிளிப்புக்கென்றே உள்ள மெழுகில் பயறளவு எடுத்துக் கம்பிமேல் அழுத்துங்கள். ஈரத்தில் ஒட்டாது.

வளைகுடா விசா கைக்கு வரும் நேரத்தில் தொடங்குவதுதான் இந்த ஊரில் நடக்கும் பெரிய தவறு. சிகிச்சை ஒன்றரை, இரண்டு வருடம் நீளும், நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை கம்பியைப் பார்க்க வேண்டும். உள்பக்கக் கிளிப்பைத் தொட எல்லாப் பல் மருத்துவரும் முன்வருவதில்லை. போயே ஆகவேண்டுமென்றால் அங்கே இதைச் செய்பவர் யாரென்று முதலில் விசாரியுங்கள். பல் ஸ்கேன், எக்ஸ்ரே, போட்டிருக்கும் கம்பியின் அளவு எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டு விமானம் ஏறுங்கள்.