கல்யாண வீடியோ டிவிடியில் கலங்காமல் இருக்க

காட்பாடியில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். முகூர்த்தச் சேலையின் ஜரிகை டிவிடியில் கட்டம் கட்டமாக உடைந்தால் எனக்கு மனசே ஆறாது. பெரும்பாலும் காரணம், இரண்டு முறை சுருக்குவதுதான். முதலில் எம்பி4 எடுத்து அதை மறுபடி மாற்றாதீர்கள். எடிட்டிங் டைம்லைனிலிருந்து நேராக, டிவிடிக்கான வீடியோ வடிவமான எம்பெக்-2 எடுங்கள். நம் ஊர் டிவி முறையான பால் (PAL) சிஸ்டத்துக்கு 720×576 புள்ளிகள், நொடிக்கு 25 ஃப்ரேம்.

4.7 ஜிபி டிஸ்க்கில் ஒரு மணி நேரத்துக்கு 8 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட் தரவு) தாராளமாக வைக்கலாம். இரண்டு மணி நேரம் என்றால் 5-க்கு இறங்க வேண்டும். அப்போது டூ-பாஸ் விபிஆர் கட்டாயம்; அதாவது முதல் சுற்றில் படத்தை அலசிவிட்டு, இரண்டாம் சுற்றில் இடத்துக்கு ஏற்பத் தரவைக் கூட்டிக் குறைத்துச் சுருக்கும் முறை. நேரம் கூடும், கூடட்டும். நலங்கு, ஊர்வலம் எல்லாம் முழுசாக வேண்டும் என்று வீட்டார் கேட்டால் இரண்டு டிஸ்க்காகப் பிரித்துவிடுவேன்.

ஃபீல்டு வரிசை (ஃப்ரேமின் ஒற்றை வரிகள், இரட்டை வரிகளில் எது முதலில் வரும் என்பது) தவறினால் தவில்காரர் கை அசையும்போதெல்லாம் படம் நடுங்கும். அப்புறம், ரைட் செய்ததும் டிவியில் போட்டுத் தாலி கட்டும் இடத்தை ஒருமுறை பாருங்கள்.