அவுஸ்திரேலியாவுக்கு வரும் நம்மவர்களுக்கு: வைத்தியரிடம் ‘சமாளிக்கிறம்’ என்று சொல்லாதீர்கள்

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு என்றால் கிராம சேவகரின் கடிதம், பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தர், மாதாமாதம் ஒரு தொகை. அவுஸ்திரேலியாவில் இயலாமை உள்ளவர்களுக்கு அரசாங்கம் நடத்தும் உதவித் திட்டமான என்.டி.ஐ.எஸ். வேறு விதம். கைச்செலவுக்குக் காசு தராது. குளிக்கவைக்க வரும் ஆள், பேச்சுச் சிகிச்சை, சக்கர நாற்காலி, குளியலறைக் கைபிடி ஆகியவற்றின் செலவைத் தரும். வருமானமும் சொத்தும் பார்ப்பதில்லை. வாகரையில் ஷெல் பட்டுக் கால் போயிருந்தாலும் பிறவியிலேயே வந்திருந்தாலும் ஒன்றுதான்.

பிரஜாவுரிமை அல்லது நிரந்தர விசா வேண்டும். படகில் வந்து இன்னும் பிரிட்ஜிங் விசாவில் (முடிவு வரும்வரை தரும் தற்காலிக விசா) இருப்பவர்களுக்குக் கிடைக்காது; இது கொடுமைதான், ஆனால் விதி அப்படி. 65 வயதாவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். அப்பாவுக்கு 64 என்றால் இந்தக் கிழமையே என்.டி.ஐ.எஸ். இலக்கமான 1800 800 110க்கு அழையுங்கள். பிறந்தநாள் கடந்துவிட்டால் முதியோர் பராமரிப்புத் திட்டம்தான். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு வளர்ச்சித் தாமதம் இருந்தால் நோயின் பெயர் உறுதியாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

கைக்குக் காசு தருவது, அரசாங்கக் கொடுப்பனவு அலுவலகமான சென்டர்லிங்கின் இயலாமை ஓய்வூதியம். அது தனி விண்ணப்பம். அதற்கு வருமானம் பார்ப்பார்கள், ஊரிலிருந்தே இயலாமையோடு வந்தவர் பொதுவாகப் பத்து வருடம் இங்கே வசித்திருக்கவும் வேண்டும். அகதி விசாவில் வந்தவர்களுக்குப் பத்து வருட விதி இல்லை.

இனி, நம்மவர்களின் என்.டி.ஐ.எஸ். விண்ணப்பம் உடைகிற இடம். நோயின் பெயரை மட்டும் வைத்து அவர்கள் முடிவெடுப்பதில்லை. நடமாட்டம், பேச்சுத் தொடர்பு, மற்றவர்களோடு பழகுதல், கற்றல், தன் உடலைப் பார்த்துக்கொள்ளுதல், தன் காரியங்களைத் தானே முடிவெடுத்து நடத்துதல் ஆகிய ஆறில் ஒன்றிலாவது பெரிய குறைவு இருக்கிறதா, அது நிரந்தரமா என்றுதான் பார்க்கிறார்கள். நாமோ வைத்தியர் கேட்டால் “பரவாயில்லை டொக்டர், சமாளிக்கிறம்” என்கிறோம். ஊரில் அது மரியாதை. இங்கே அந்த ஒரு சொல் “குடும்பத்துடன் நன்றாக இருக்கிறார்” என்று அறிக்கையில் ஏறி, விண்ணப்பத்தைக் கவிழ்த்துவிடும்.

அதனால் வைத்தியரிடம் போகுமுன் ஒரு கிழமைக்குக் கொப்பியில் எழுதுங்கள்: குளிப்பாட்ட எத்தனை பேர், எவ்வளவு நேரம்; மலசலகூடத்துக்கு யார் தூக்குவது; சோற்றைத் தானே பிசைந்து உண்பாரா; இரவில் எத்தனை தரம் எழுப்புவார்; அம்மா இரண்டு நாள் இல்லாவிட்டால் என்ன நடக்கும். நல்ல நாளை எழுதிவிட்டு மோசமான நாளை மறைக்காதீர்கள். கொப்பியைத் தொழில்வழிச் சிகிச்சையாளரிடமும் (அன்றாட வேலைகளை எவ்வளவு தானே செய்ய முடிகிறது என்று பார்ப்பவர்) காட்டுங்கள். அவர் எழுதும் அறிக்கை கனமானது. “சிகிச்சை தொடர்கிறது, முன்னேற்றம் எதிர்பார்க்கப்படுகிறது” என்ற வரியும் ஆபத்து. செய்த சிகிச்சைகள் எவை, இனிக் குணமாக்கும் சிகிச்சை எதுவும் இல்லை என்பது தெளிவாக வர வேண்டும். இதற்குத்தான் ஊர் ஆஸ்பத்திரியின் கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் காட், எக்ஸ்ரே எல்லாம் உதவும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக் கடதாசி பழசு என்று எறிந்துவிட்டு வராதீர்கள்.

மகனையோ மகளையோ மொழிபெயர்க்க விடாதீர்கள். தகப்பனின் மலசலகூடக் கதையைப் பிள்ளை பாதிதான் சொல்லும். அரசாங்க மொழிபெயர்ப்புச் சேவையின் 131 450இல் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

மறுத்துக் கடிதம் வந்தால் மூன்று மாதத்துக்குள் மீளாய்வு கேளுங்கள். எந்தப் பகுதியில் ஆதாரம் போதவில்லை என்று கடிதத்தில் இருக்கும். அந்தப் பகுதிக்குப் புதிய அறிக்கை எடுத்து இணையுங்கள். பழைய கடிதத்தையே திரும்ப அனுப்பினால் பழைய பதில்தான் வரும்.