தீபாவளி பிரியாணிக்கு வெள்ளரி அன்னாசி அச்சார்

அச்சாரை முதல் நாளே போட்டுவிடுங்கள்; ஊற ஊறத்தான் ருசி. எட்டுப் பேருக்கு வெள்ளரிக்காய் 500 கிராம், கேரட் 1, அன்னாசி 200 கிராம் போதும். அன்னாசி கெட்டியாக இருக்கட்டும், கனிந்தது குழைந்துவிடும்.

வெள்ளரியை நீளவாக்கில் பிளந்து, நடு விதைப்பகுதியைக் கரண்டியால் வழித்து எறியுங்கள். அச்சார் நீர்த்துப்போவது பெரும்பாலும் இதை விட்டுவிடுவதால்தான். விரல் நீளத்துக்கு நறுக்கி, கேரட்டோடு 2 தேக்கரண்டி உப்புப் போட்டுப் பிசறுங்கள். அரை மணி நேரம் கழித்து அலசி, துணியில் கட்டி, கை வலிக்கப் பிழியுங்கள். ஒரு துண்டை மடக்கினால் ஒடியாமல் வளைய வேண்டும்.

காய்ந்த மிளகாய் 8, சின்ன வெங்காயம் 10, பூண்டு 3 பல், கொஞ்சம் மஞ்சள். இவற்றை அரைத்து, 4 மேசைக்கரண்டி எண்ணெயில், சிறு தீயில், எண்ணெய் பிரியும்வரை வதக்குங்கள். அவசரப்பட்டால் பச்சை வாடை போகாது. பிளாச்சான் (புளிக்கவைத்த இறால் விழுது) சேர்ப்பவர்கள் உண்டு. வருகிறவர்களில் சைவர்கள் இருந்தால் வேண்டாம். வினிகர் 100 மில்லி, சீனி 3 மேசைக்கரண்டி சேர்த்து ஒரு கொதி விட்டு, முழுக்க ஆறியபின் காய்களையும் நறுக்கிய அன்னாசியையும் கலக்குங்கள். சூட்டில் போட்டால் துவண்டுவிடும்.

அலுமினியப் பாத்திரம் கூடாது, கண்ணாடிப் போத்தலில் போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். வறுத்துப் பொடித்த நிலக்கடலையும் எள்ளும் பரிமாறும்போது மட்டும். முன்பே போட்டால் நமத்துப்போகும்.